சபையிலே சொன்ன சொல்

1860-ம் வருஷம் ஜூன் மாதம் 30-ந் தேதி சனிக்கிழமையன்று, ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் புதிதாக எழுப்பியிருந்த பொருட்காட்சி மாளிகையில் நூற்றுக்கணக்கான ஜனங்கள் நெருக்கியடித்துக் கொண்டு கூடியிருந்தார்கள். பிரிட்டிஷ் விஞ்ஞான சங்கத்தின் வருஷாந்தர மகாநாடு அது. சார்லஸ் டார்வின் உயிரினங்களின் தோற்றத்தைப் பற்றி எழுதிய நூல் வெளியாகி ஏழு மாதங்களே ஆகியிருந்தன. பிஷப் வில்பர்போர்ஸ் எழுந்து அந்நூலின் கொள்கையைத் தாக்கிப் பேசினார். பேச்சின் நடுவே ஹக்ஸ்லி என்ற இளம் விஞ்ஞானியை நோக்கி, தாங்கள் குரங்கின் வழி வந்தது பாட்டனார் பக்கத்திலா, பாட்டியார் பக்கத்திலா என்று கேட்டாராம். குரங்கைப் பாட்டனாராகக் கொள்வதற்குத் தாம் வெட்கப்படவில்லை என்றும், அறிவையும் செல்வாக்கையும் உண்மையை மறைப்பதற்குப் பயன்படுத்தும் மனிதருக்கு உறவாயிருப்பதற்கே வெட்கப்படுவதாகவும் ஹக்ஸ்லி பதில் சொன்னாராம்.

'கேட்டாராம்', 'சொன்னாராம்' என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. அன்று வார்த்தைக்கு வார்த்தை எழுதி வைத்த குறிப்பு ஒன்றும் கிடையாது. அந்த வாரங்களில் வந்த பத்திரிகை அறிக்கைகள் மிகச் சுருக்கமானவை. நமக்குத் தெரிந்த ரஸமான வர்ணனைகளில் சில, முப்பது நாற்பது வருஷங்களுக்குப் பின்னர் ஞாபகத்திலிருந்து எழுதப்பட்டவை. ஒருவர் சொல்லுவது மற்றொருவர் சொல்லுவதுடன் பொருந்துவதில்லை.

இதைவிட விசேஷமான விஷயம் ஒன்று உண்டு. யாருடைய நூலைப் பற்றி அவ்வளவு அமளி நடந்ததோ, அந்த டார்வின் அங்கே இல்லை. உடல்நலமின்றி வேறோர் ஊரில் சிகிச்சை பெற்றுக் கொண்டிருந்தார். அவருடைய சிநேகிதரான தாவர சாஸ்திரி ஹூக்கர் இரண்டு நாள் கழித்து எழுதிய கடிதத்தின் மூலமே நடந்ததை அறிந்தார். அந்தக் கடிதமோ, ஹக்ஸ்லியின் குரல் அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு எட்டவில்லை என்றும், பிஷப்பை மடக்கியவர் ஹூக்கரே என்றும் கூறுகிறது! உலகம் நம்பிவரும் கதை வேறு. நேரில் இருந்தவர் சுடச்சுட எழுதிய கதை வேறு.

சபையிலே சொன்ன சொல் சபைக்கு வெளியே எவ்விதம் போகிறது? அதை எடுத்துச் செல்வோர் யார்? வர முடியாமல் வெளியே நிற்பவருக்கு அதன்மேல் என்ன உரிமை? இந்தக் கேள்விகள் ஆக்ஸ்போர்டில் அன்று பிறந்தவை அல்ல; அங்கே முடிந்தவையும் அல்ல. நம்முடைய காலத்தில் இவை புது வேஷம் தரித்து வந்திருக்கின்றன.

தலை குனிந்த சபையோர்

இக்காலத்து அறிஞர் மகாநாடு ஒன்றுக்குள் நுழைந்து பாருங்கள். மேடையில் ஒருவர் திரையில் படங்களைக் காட்டிப் பிரசங்கம் செய்கிறார். எதிரே அமர்ந்திருப்பவர்களில் பலர் தலை குனிந்திருக்கிறார்கள். எல்லோரும் தூங்குகிறார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். தூங்குவோரும் உண்டு, அது மகாநாடுகளின் புராதன சம்பிரதாயம். மற்றவர்கள் கைபேசியில் விரல்களால் தட்டிக் கொண்டிருக்கிறார்கள். மேடையிலிருப்பவர் சொன்ன ஒரு வாக்கியம் அவர் அடுத்த வாக்கியத்தைத் தொடங்குவதற்குள் டோக்கியோவிலும் நைரோபியிலும் வாசிக்கப்படுகிறது.

இந்த வழக்கத்துக்கு அதிகமாகப் பயன்பட்டது டுவிட்டர் என்னும் சமூக வலைத்தளம். 2006-ம் வருஷம் தோன்றிய இது, மறு வருஷம் மார்ச்சு மாதம் அமெரிக்காவில் ஆஸ்டின் நகரில் நடந்த ஒரு மகாநாட்டில்தான் முதன் முதலாகப் பலர் கண்ணில் பட்டது. அங்கே தாழ்வாரங்களில் திரைகளை வைத்து, வந்தவர்கள் எழுதும் செய்திகளை ஓடவிட்டார்கள். அதே 2007-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 23-ந் தேதி கிறிஸ் மெஸினா என்பவர் ஒரு யோசனை சொன்னார். கூட்டத்தின் பெயருக்கு முன்னால் இரண்டு குறுக்குக் கோடும் இரண்டு நெடுக்குக் கோடும் சேர்ந்த குறியைப் போட்டால், அந்தக் கூட்டத்தைப் பற்றிய செய்திகளையெல்லாம் ஓரிடத்தில் திரட்டிப் பார்க்கலாம் அல்லவா என்றார். அவர் உதாரணமாக எடுத்துக் கொண்டதும் ஒரு கூட்டத்தின் பெயரையே. இன்று சினிமாவுக்கும் தேர்தலுக்கும் கிரிக்கெட்டுக்கும் பயன்படும் 'ஹாஷ்டேக்' இப்படித்தான் பிறந்தது.

டுவிட்டரில் எழுதும் செய்தியை நம்மவர்கள் 'கீச்சு' என்று அழகாகப் பெயரிட்டு வழங்குகிறார்கள். ஒரு கீச்சுக்கு ஆரம்பத்தில் 140 எழுத்துக்களே அனுமதி. 2017-ம் வருஷம் நவம்பரில் அது 280 ஆயிற்று. தமிழில் எழுதுவோருக்கு இதிலே ஒரு சங்கடம் உண்டு. யந்திரம் கொம்பையும் காலையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணுகிறது. 'வித்துவான்' என்ற சொல்லில் நாம் காண்பது ஐந்து எழுத்து; யந்திரம் எண்ணுவது பத்து. வித்துவானுடைய மதிப்பு இரட்டிப்பாவது இந்த ஓர் இடத்தில்தான்! பிறருக்கு 140 என்றால் தமிழருக்கு ஏறக்குறைய அதில் பாதிதான் மிஞ்சியது. ஒரு மணி நேரப் பிரசங்கத்தை அத்தனை சிறிய சிமிழுக்குள் அடைக்க வேண்டும். எதை எடுப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்கும் பொறுப்பு எழுதுகிறவர் தலையில் விழுகிறது.

என்னதான் எழுதுகிறார்கள்?

இதை ஆராய்வதற்கும் ஆராய்ச்சியாளர்கள் உண்டு. லண்டன் யூனிவர்ஸிடி காலேஜைச் சேர்ந்த சிலர், 2009-ம் வருஷம் நடந்த மூன்று மகாநாடுகளின் கீச்சுகள் நாலாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்டவற்றைத் திரட்டி ஒவ்வொன்றாக வகைப்படுத்தினார்கள். அவை கணிப்பொறியைக் கொண்டு இலக்கியத்தையும் சரித்திரத்தையும் ஆராய்வோரின் மகாநாடுகள். கீச்சுகளில் அதிகமானவை குறிப்புக்களாக இருந்தன. மாணாக்கன் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கொள்வது போல, பேச்சாளர் சொன்னதைச் சுருக்கி எழுதியவை அவை. அடுத்தபடி பிரசங்கத்தைப் பற்றிய அபிப்பிராயங்கள், ஒருவருக்கொருவர் நடத்திய சம்பாஷணைகள், படிக்கத் தக்க நூல்களைப் பற்றிய தகவல்கள், அடுத்த கூட்டம் எந்த மண்டபத்தில் என்பன போன்ற விசாரிப்புக்கள். ஆக, வம்பு பேசுவதற்கே இது பயன்படுகிறது என்ற குற்றச்சாட்டு அங்கே நிற்கவில்லை.

பெரிய மகாநாடுகளில் ஒரே வேளையில் பத்து மண்டபங்களில் பிரசங்கங்கள் நடக்கும். ஒரு மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர் மற்ற ஒன்பதையும் இழக்கிறார். பக்கத்து மண்டபத்தில் இருக்கும் நண்பரின் கீச்சு அந்த நஷ்டத்தை ஓரளவு ஈடு செய்கிறது. கூச்ச சுபாவமுள்ள இளைஞர்களுக்கும் இது பெரிய துணை. முன் வரிசையில் அமர்ந்திருக்கும் பேராசிரியரிடம் நேரே போய்ப் பேச நா எழாத மாணவர், அவருடைய பிரசங்கத்தைப் பற்றி நல்ல கேள்வி ஒன்றை எழுதிவிடுகிறார். மாலைச் சிற்றுண்டி வேளையில் அந்தப் பேராசிரியரே, "அதைக் கேட்டது யார்?" என்று தேடி வந்துவிடக் கூடும். நம்முடைய ஊர்க் கச்சேரிகளில் சுவர் ஓரத்தில் நின்று கேட்கும் ரஸிகரை வித்துவான் அழைத்து முன்னால் உட்கார வைப்பதைப் போன்றது இது.

வாசலுக்கு வெளியே நிற்பவர்கள்

மகாநாட்டுக்குப் போக வேண்டுமானால் பிரயாணச் செலவு வேண்டும்; தங்கும் செலவு வேண்டும்; பிரவேசக் கட்டணம் வேண்டும். இவ்வளவையும் சேர்த்துவிட்டாலும் அந்நிய தேசம் விசா கொடுக்க வேண்டும். 2018-ம் வருஷம் டிசம்பரில் கானடாவின் மாண்ட்ரீல் நகரில், யந்திரங்களுக்கு அறிவூட்டும் சாஸ்திரத்தைப் பற்றிய மாபெரும் மகாநாடு நடந்தது. அதில் கலந்து கொள்ளத் தகுதி பெற்ற ஆப்பிரிக்க ஆராய்ச்சியாளர்கள் பலருக்கு விசா கிடைக்கவில்லை. எதியோப்பியாவில் பிறந்த டிம்னிட் கெப்ரு முதலியவர்கள் இந்த அநீதியை வலைத்தளங்களில் எடுத்துச் சொன்னார்கள். அதே துறையின் மற்றொரு மகாநாட்டை 2020-ல் எதியோப்பியாவின் தலைநகரான அடிஸ் அபாபாவில் நடத்துவது என்று ஏற்பாடாயிற்று. ஆப்பிரிக்கர்கள் விசாவுக்கு ஏங்கிய நிலை மாறி, மற்றவர்கள் அவர்களுடைய ஊருக்கு வரப் போகிறார்கள் என்றிருந்த சமயத்தில் கொரோனா வந்து குறுக்கிட்டது. மகாநாடு இணையத்திலேயே நடந்தேறியது.

அவ்வருஷம் மகாநாடு என்ற சொல்லுக்கே அர்த்தம் மாறியது. அமெரிக்கப் பௌதிக சங்கத்தின் கூட்டம் டென்வர் நகரில் மார்ச்சு மாதம் 2-ந் தேதி தொடங்குவதாக இருந்தது. பதினாயிரம் பேருக்கு மேல் வர வேண்டியவர்கள். பலர் வந்தும் விட்டார்கள். பிப்ரவரி 29-ந் தேதி கூட்டம் ரத்து என்று அறிவிப்பு வந்தது. விஞ்ஞானிகளில் சிலர் அதற்காகச் சோர்ந்துவிடாமல் தங்கள் பிரசங்கங்களை இணையத்தின் வழியே நடத்தலானார்கள்.

ஆனால் மண்டபமே இல்லாமல் மகாநாடு நடத்துவது கொரோனா கற்றுக் கொடுத்த வித்தை அல்ல. 2015-ம் வருஷமே இங்கிலாந்தின் ராயல் ரஸாயன சங்கத்தார் டுவிட்டரில் ஒரு மகாநாடு கூட்டினார்கள். ஆராய்ச்சியின் சாரத்தை ஒரு படமாகத் தீட்டி வெளியிட வேண்டும். இருபத்துநான்கு மணி நேரமும் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். அதே வருஷம் கடற்பறவைகளை ஆராய்வோரும் கீச்சுகளாலேயே ஒரு சர்வதேச மகாநாட்டை நடத்தினார்கள். பறவை ஆராய்ச்சியைக் கீச்சிலே வெளியிடுவதைவிடப் பொருத்தம் வேறு என்ன இருக்கிறது? ஆகாய விமானச் செலவு இல்லை. கையிலே குழந்தையை வைத்திருக்கும் தாயும் கலந்து கொள்ளலாம். தீவில் கூடாரம் அடித்துப் பறவைகளை எண்ணிக் கொண்டிருப்பவரும் கலந்து கொள்ளலாம்.

உபாத்தியாயர் தொழிலில் உள்ள என் போன்றவர்களுக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும். 2012-ம் வருஷம் ஜூலை மாதம் 4-ந் தேதி, ஜெனீவாவுக்கு அருகிலுள்ள ஸெர்ன் ஆராய்ச்சி நிலையத்தில், ஹிக்ஸ் துகளைத் தேடியவர்கள் தாங்கள் கண்டதை அறிவித்தார்கள். அங்கே காலை ஒன்பது மணி என்றால் நமக்குப் பகல் பன்னிரண்டரை. பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு வேளை. மெல்பர்ன் மகாநாட்டுக்குப் போயிருந்த பௌதிக சாஸ்திரிகள் திரையில் அதைப் பார்த்த அதே நேரத்தில், ஆசிரியர் அறையில் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக் கொண்டு நான் கைபேசியில் கீச்சுகளைப் படித்துக் கொண்டிருந்தேன். உலகத்து விஞ்ஞானிகளில் பாதிப் பேர் துகளைப் பற்றி எழுதினார்கள். மீதிப் பேர், பிரசங்கம் செய்த அம்மையார் படங்களுக்கு உபயோகித்த எழுத்து வடிவம் குழந்தைப் புத்தகத்துக்கு உரியதாக இருக்கிறதே என்று குறைப்பட்டுக் கொண்டார்கள். மனித சுபாவம் விஞ்ஞானிகளையும் விடுவதில்லை! ஆயினும் அன்று பிற்பகல் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம், "ஒரு மணி நேரத்துக்கு முன்னால் உலகத்துக்குத் தெரிந்த விஷயம் இது" என்று சொல்லிப் பாடத்தைத் தொடங்க முடிந்தது. டார்வினுக்கே இரண்டு நாள் பொறுத்திருக்க வேண்டியிருந்தது.

யாருடைய சொத்து?

இவ்வளவு நன்மையிருந்தும், 'வேண்டவே வேண்டாம்' என்று சொல்லும் அறிஞர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பிற்போக்காளர் என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது.

மகாநாட்டில் பேசப்படுவது பெரும்பாலும் முடிந்த முடிபு அல்ல. பாதி வெந்த சோறு. 'நான் இப்படி நினைக்கிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள்' என்று தம்மையொத்த நூறு பேர் முன்னிலையில் வைப்பது. அதை ஊரார் முன்னால் இலையில் பரிமாறினால் சமைத்தவருக்கு அவமானமாக இராதா? மேலும் ஆராய்ச்சி செய்யும் இளைஞனுக்கு இருக்கும் ஆஸ்தி அவனுடைய கருத்து ஒன்றுதான். அது அச்சேறுவதற்கு முன் வேறொருவர் எடுத்துக் கொண்டால் அவன் எங்கே போய் முறையிடுவான்? அச்சிடும் பத்திரிகைகளின் விதிகளும் உண்டு. 1969-ல் அமெரிக்க வைத்தியப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியரான இங்கல்பிங்கர், வேறிடத்தில் முன்பே வெளியான ஆராய்ச்சியைத் தம் பத்திரிகை ஏற்காது என்று விதி வகுத்தார். அந்த விதியின் நிழல் இன்னும் பலரை அச்சுறுத்துகிறது.

2009-ம் வருஷம் மே மாதம் நியூயார்க்குக்கு அருகிலுள்ள கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆராய்ச்சிசாலையில் மரபணுக்களைப் பற்றிய கூட்டம் நடந்தது. அங்கே பத்திரிகை நிருபர்கள் பேச்சாளரின் அனுமதி பெற்றே எழுத வேண்டும் என்று விதி இருந்தது. கூட்டத்துக்கு வந்திருந்த டானியல் மாக்ஆர்தர் என்ற விஞ்ஞானியோ தாம் கேட்டவற்றை உடனுக்குடன் இணையத்தில் எழுதினார். 'எங்களுக்கு ஒரு நீதி, இவருக்கு ஒரு நீதியா?' என்று செய்தி ஸ்தாபனம் ஒன்று கேட்டது. நியாயமான கேள்வி. நிலையத்தார் யோசித்து, இணையத்தில் எழுதும் விஞ்ஞானிகளும் அனுமதி பெற வேண்டும் என்று விதியை விரித்தார்கள்.

2012 செப்டம்பர் இறுதியில் இதே விவாதம் இலக்கிய, சரித்திரப் பேராசிரியர்களிடையே மூண்டது. பிரசங்கத்தைக் கீச்சாக எழுதுவது திருட்டா, தொண்டா என்று பல நாட்கள் வாதித்தார்கள். வாதம் நடந்த இடம் எது என்று கேட்கிறீர்களா? டுவிட்டர்தான்!

2017 ஜூனில் அமெரிக்க நீரிழிவு சங்கம், ஸான் டியகோ மகாநாட்டில் திரையில் காட்டிய படங்களைப் பிடித்து வெளியிட்டவர்களை அவற்றை அழித்துவிடும்படி கேட்டுக் கொண்டது. அதனால் விளைந்தது என்ன? மகாநாட்டின் ஆராய்ச்சிகளைப் பற்றிய பேச்சைவிட, அழிக்கச் சொன்னதைப் பற்றிய பேச்சே அதிகமாயிற்று. உலகெங்கும் கோடிக்கணக்கான நீரிழிவு நோயாளிகள் இருக்க, அவர்களுக்குச் சம்பந்தப்பட்ட உண்மையை மூடி வைக்கலாமா என்று வைத்தியர்கள் கேட்டார்கள். அடுத்த வருஷமே சங்கம் தன் விதியைத் தளர்த்தியது.

கருத்துத் திருட்டைப் பற்றிய பயத்துக்குப் பழைய காலத்திலேயே ஒரு மருந்து கண்டுபிடித்தவர் உண்டு. லண்டன் ராயல் சங்கத்தின் முதல் காரியதரிசியான ஹென்றி ஓல்டன்பர்க், ஐரோப்பா முழுவதிலும் இருந்த அறிஞர்களுக்கு ஓயாமல் கடிதம் எழுதி, ஒருவர் கண்டதை மற்றவருக்குத் தெரிவித்து வந்தார். 1665-ல் அந்தச் சங்கத்தின் பத்திரிகையைத் தொடங்கியவரும் அவரே. அந்தக் காலத்து வித்துவான்களும் கருத்தை வெளியிட அஞ்சினார்கள். அவர்களுடைய கடிதம் எந்தத் தேதியில் வந்தது என்று ஓல்டன்பர்க் பதிந்து வைத்தார். முதலில் சொன்னவர் இன்னார் என்பதற்கு அது சாட்சி ஆயிற்று. ஒளித்து வைப்பதைக் காட்டிலும் தேதியிட்டு வெளியிடுவதே திருட்டுக்குச் சரியான காவல் என்பதை அவர் கண்டார். பேச்சாளருடைய பெயரோடும் தேதியோடும் நாணயமாக எழுதப்பட்ட கீச்சு, அதே காவலைத் தன்னால் இயன்ற அளவு செய்கிறது. பெயரை விட்டுவிட்டு எழுதுவதுதான் களவு.

முதுகுக்குப் பின்னால்

திருட்டைக் காட்டிலும் கொடியது ஒன்று இருக்கிறது. 2009 நவம்பரில் நியூயார்க்கில் இணைய வியாபாரிகளும் ஆராய்ச்சியாளர்களும் கூடிய மகாநாட்டில், டானா பாய்ட் என்ற ஆராய்ச்சியாளர் பிரசங்கம் செய்தார். சபையோர் எழுதும் கீச்சுகள் அவருடைய முதுகுக்குப் பின்னால் பெரிய திரையில் ஓடிக் கொண்டிருந்தன. சபையோர் அதைப் பார்க்கலாம். அவர் பார்க்க முடியாது. அவர் வேகமாகப் பேசுகிறார் என்று ஒருவர் எழுதினார். அதைக் கண்டு மற்றொருவர் பரிகாசம் செய்தார். சபையில் சிரிப்பு எழுந்தது. தாம் சிரிக்கும்படி ஒன்றும் சொல்லவில்லையே என்று அவர் குழம்பினார். குழப்பத்தில் இன்னும் வேகமாக வாசித்தார். சிரிப்பு இன்னும் வலுத்தது. நடந்தது என்ன என்பதைப் பிற்பாடு அவரே எழுதியிருக்கிறார். பிரசங்கம் செய்வோர் எவரும் அதைப் படித்தால் மனம் பதைக்காமல் இரார்.

அடுத்தபடி ஸியோல் நகரத்துச் சம்பவம். 2015 ஜூன் மாதத்தில் அங்கே உலக விஞ்ஞானப் பத்திரிகையாளர் மகாநாடு நடந்தது. 2001-ல் நோபல் பரிசு பெற்ற ஆங்கில விஞ்ஞானி டிம் ஹண்ட் அங்கே ஒரு விருந்தில் சில வார்த்தைகள் பேசினார். ஆராய்ச்சிசாலையில் பெண்கள் இருந்தால் காதல் ஏற்பட்டுவிடுகிறது, குறை சொன்னால் அவர்கள் அழுதுவிடுகிறார்கள் என்பது அவர் பேச்சின் ஒரு பகுதி. கேட்டிருந்த பத்திரிகையாளர் கோனி ஸெயின்ட் லூயிஸ் அதை டுவிட்டரில் வெளியிட்டார். சில மணி நேரத்துக்குள் உலகம் பற்றியெரிந்தது. இரண்டு நாளைக்குள் லண்டன் யூனிவர்ஸிடி காலேஜில் தாம் வகித்த கௌரவப் பதவியை ஹண்ட் விட்டார். உலகெங்குமுள்ள பெண் விஞ்ஞானிகள் முகமூடியும் கையுறையும் அணிந்து சேற்றிலும் சாணத்திலும் நின்று வேலை செய்யும் படங்களை வெளியிட்டு, 'எங்களைப் பார்த்தா மனம் கலைகிறது?' என்று கேலி செய்தார்கள். அவர்கள் சொன்ன பதிலில் நியாயமும் இருந்தது, நகைச்சுவையும் இருந்தது. நீண்ட காலமாக மனத்துக்குள் அடக்கி வைத்திருந்த மனக்கசப்பு அது. ஒரு கீச்சு அதற்கு வாய் கொடுத்தது.

ஆனால் கதை அத்துடன் நிற்கவில்லை. அவர் அதைத் தம்மையே பரிகசித்துக் கொண்டு வேடிக்கையாகச் சொன்னார் என்றும், அடுத்த வார்த்தையிலேயே பெண் விஞ்ஞானிகளைப் பாராட்டினார் என்றும் நேரில் இருந்த சிலர் சொன்னார்கள். இல்லவே இல்லை, மனப்பூர்வமாகத்தான் சொன்னார் என்று வேறு சிலர் சாதித்தார்கள். மாதக்கணக்கில் வழக்கு நடந்தது. ஆக்ஸ்போர்டில் அன்று எழுதுவோர் இல்லாததால் சொன்னது இன்னதென்று தெரியவில்லை. ஸியோலில் எழுதுவோர் அறை முழுவதும் நிறைந்திருந்தும் சொன்னது இன்னதென்பதில் ஏகமனது ஏற்படவில்லை. நூற்றைம்பத்தைந்து வருஷ காலத்து விஞ்ஞான முன்னேற்றம் செய்தியின் வேகத்தைத்தான் பெருக்கியது. கேட்பவருடைய காதைச் செப்பனிடவில்லை.

கறுப்பாக வாந்தி எடுத்தான் என்ற செய்தி, நாலு வாய் மாறுவதற்குள் காக்காய் காக்காயாக வாந்தி எடுத்தான் என்று ஆன கதை நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அந்தக் காக்காய்கள் ஒரு தெருவுக்குள்ளே பறந்தன. இப்பொழுது கண்டம் விட்டுக் கண்டம் பறக்கின்றன. வித்தியாசம் அவ்வளவே.

கரைந்து போன ஏடுகள்

இவ்வளவும் எழுதப்பட்டதே, பத்திரமாக இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. மகாநாட்டுக் கீச்சுகளைத் தொகுத்து வைக்க ஸ்டோரிபை என்ற வசதியைப் பலர் பயன்படுத்தினார்கள். 2018 மே மாதத்தில் அந்தக் கடையைக் கட்டிவிட்டார்கள், தொகுப்புகளும் போயின. அமெரிக்கப் பார்லிமெண்டின் புத்தகசாலை 2010-ல் எல்லாக் கீச்சுகளையும் சேமிப்பதாக அறிவித்தது. பெருக்கம் தாங்காமல், 2018 ஜனவரி முதல் பொறுக்கி எடுத்த சிலவற்றை மட்டும் சேர்ப்பதென்று சுருக்கிக் கொண்டது. 2022 அக்டோபரில் டுவிட்டரை ஈலான் மஸ்க் விலைக்கு வாங்கினார். மறு வருஷம் ஜூலையில் 'எக்ஸ்' என்று பெயரை மாற்றினார். அதற்குள் ஆராய்ச்சியாளர்கள் இலவசமாகத் தகவல் திரட்டி வந்த வாசலும் அடைபட்டது. அறிஞர்களில் பலர் மாஸ்டடானுக்கும் புளூஸ்கைக்கும் குடிபெயர்ந்தார்கள். முன்னே ஒரே ஆலமரத்தில் கூடிய பறவைகள் இப்போது பல மரங்களில் பிரிந்து உட்கார்ந்திருக்கின்றன. ஒரு மகாநாட்டின் பேச்சை முழுவதும் கேட்க வேண்டுமானால் மரம் மரமாய்ப் போக வேண்டியிருக்கிறது.

ஹூக்கர் டார்வினுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. பத்து வருஷத்துக்கு முந்திய மகாநாட்டுக் கீச்சுகளைத் தேடினால் பாதி கிடைப்பதில்லை. அறிஞர் சபையின் ஞாபகத்தை ஒரு தனி முதலாளியின் பெட்டியில் வைத்துவிட்டுச் சாவியையும் அவரிடமே கொடுத்துவிட்டால் இப்படித்தான் ஆகும். மகாநாட்டை நடத்துகிறவர்களே தங்கள் சபையின் குறிப்புக்களைத் தொகுத்துத் தங்கள் புத்தகசாலையில் வைத்துக் கொள்வது அவசியம்.

கேள்வியும் தூதும்

திருவள்ளுவர் 'கேள்வி' என்று ஓர் அதிகாரம் செய்தார். 'அவை அறிதல்' என்றும் ஓர் அதிகாரம் செய்தார். இரண்டுக்கும் நடுவே 'தூது' என்ற அதிகாரம் இருக்கிறது. மகாநாட்டில் அமர்ந்து கைபேசியில் எழுதுகிறவர் இந்த மூன்று அதிகாரங்களுக்கும் கட்டுப்பட்டவர். அவர் கேட்பவர், சபையில் இருப்பவர், சபைக்கு வர முடியாதவரிடம் சொல்லைக் கொண்டு செல்லும் தூதர். தூதருக்கு உள்ள கடமை, தாம் கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சேர்ப்பிப்பது.

கதவைச் சாத்திவிடலாம் என்பவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியது, வெளியே நிற்பவர்கள் யார் என்று ஒரு முறை எட்டிப் பாருங்கள் என்பதே. விசா கிடைக்காதவர், கைப்பொருள் இல்லாதவர், சிறு பட்டணத்து உபாத்தியாயர், நோயாளி ஆகிய இவர்களே அங்கு நிற்கிறார்கள். அவர்களுக்குச் சேர வேண்டியதை மறுப்பதற்கு ஒருவருக்கும் உரிமை இல்லை. பேச்சாளர் எவரேனும், 'இந்தப் பகுதி இன்னும் முடியவில்லை. வெளியிட வேண்டாம்' என்று கேட்டுக் கொண்டால் அதை மதிக்க வேண்டியதும் அவ்வளவே நிச்சயம். பல மகாநாடுகளில் இப்போது பேச்சாளர்கள் அப்படியொரு குறியைத் தங்கள் முதற் படத்திலேயே போட்டுவிடுகிறார்கள். நல்ல ஏற்பாடு.

எழுதுகிறவர்கள் செய்ய வேண்டியதும் அப்படியொன்றும் பிரமாதமல்ல. 2014-ல் ஷான் ஈகின்ஸ், ஈதன் பெர்ல்ஸ்டைன் என்ற இரு விஞ்ஞானிகள் மகாநாட்டில் கீச்சு எழுதுவதற்குப் பத்து விதிகள் வகுத்தார்கள். பேச்சாளருடைய கருத்து எது, தம்முடைய கருத்து எது என்று பிரித்துக் காட்ட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அத்துடன் நாமும் சிலவற்றைச் சேர்த்துக் கொள்ளலாம். பேசியவர் பெயரைச் சொல்லுங்கள். வாக்கியம் முடியும் வரை காத்திருங்கள். முக்கியமாக, 'ஆனால்' என்ற சொல்லுக்குப் பின் வருவதைக் கேட்டு எழுதுங்கள். முகத்துக்கு நேரே சொல்லத் துணியாததை முதுகுக்குப் பின்னால் எழுதாதீர்கள். பிழையாக எழுதிவிட்டால் உடனே திருத்தம் வெளியிடுங்கள்.

இந்தப் பழக்கங்களைப் பெரியவர்கள் ஆனபிறகு கற்றுக் கொள்வது சிரமம். பள்ளிக்கூடத்தில், பிரசங்கம் ஒன்றைக் கேட்டுவிட்டு வந்து பத்து வரியில் அதன் சாரத்தை எழுதச் சொல்லி, பேச்சாளர் சொல்லாததை எழுதிய இடத்தில் சிவப்பு மையால் கோடிட்டுக் கொடுத்தால், பிற்காலத்தில் எந்தச் சபைக்குப் போனாலும் அந்தப் பிள்ளைகள் நாணயமான தூதர்களாக இருப்பார்கள். கைபேசிக்குப் பதில் வேறு எந்த யந்திரம் வந்தாலும் அவர்களுக்கு அது போதும்.